கடைசி சீட்டின் சூடு

அன்பு மகள் சுண்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், வேனுக்குத்தான் உடம்பு சரியில்லாமல் இருந்து இப்போது தேறியிருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குட்டிக்குப் பல் முளைத்துவிட்டதா, முளைத்திருந்தால் முதலில் மாப்பிள்ளையைக் கடிக்கச் சொல், உங்கள் வீட்டில் அவர்தான் பொறுமைசாலி. இதையெல்லாம் போனிலேயே கேட்கலாமே என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பேப்பரில் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், காது முழுக்க இங்கேதான் இருக்கும். இது அவருக்குத் தெரியாமல் சொல்ல வேண்டிய விஷயம். அதனால் கடையில் துணி தேய்க்கிற மேஜையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். தாளில் எங்காவது பழுப்பாக இருந்தால் அம்மா அழுதாள் என்று நினைக்காதே, இஸ்திரிப் பெட்டி பட்டது.

நீங்கள் ஊருக்கு வருவதாகப் போனில் சொன்ன அன்றைக்கு நான் என்ன சொன்னேன், துணி டெலிவரி கொடுக்கிற நம் வேனின் கடைசி சீட்டில் முட்டையை வைத்தால் வெந்துவிடும் என்றேன். நீ சிரிப்பாய் என்று சொன்னது. மாப்பிள்ளை பின்னால் நின்று கேட்டுவிட்டு, பரவாயில்ல அத்தை, கைக்குழந்தையோட அந்த வேன் வேணாம், ஏர்போர்ட்ல இருந்து நாங்களே ஒரு கார் வெச்சு வந்துடறோம் என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. உன் அப்பாவிடம் சொன்னேன், நல்லதாப் போச்சு, எனக்கும் அலைச்சல் மிச்சம் என்றார். அலைச்சல் மிச்சம் என்று சொன்ன மனுஷன் அன்று சாயங்காலம் முழுக்க ஒரே சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே தேய்த்து மடித்து வைத்த சட்டை. பேத்தி பிறந்தாள் என்று தெரிந்த நாளிலிருந்து, அவளைத் தன் வண்டியில்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அந்த வேனைத் துடைத்துத் துடைத்தே பெயிண்டைப் பாதியாக்கி வைத்திருக்கிறார். அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வராது, அது எனக்குத் தெரியும்.

மறுநாளே மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். உனக்கு அவரைத் தெரியாது, நீ போன பிறகு கடை போட்டவர், எதைக் கேட்டாலும் பாப்போம் என்பார். ஏசி சரியாகுமா, பாப்போம். காபி சாப்பிடறீங்களா, பாப்போம். அதனால் அவருக்கு நாங்கள் பாப்போம் என்றே பெயர் வைத்துவிட்டோம். பாப்போம் முதலில் கேஸ் பார்த்தார், குறைந்திருக்கிறது, குழாய் மூட்டு ஒன்று கசிகிறது என்று அதை மாற்றிக் கேஸ் நிரப்பினார். பிறகு முன்னால் சாமான் வைக்கிற பெட்டியைக் கழற்றி, அதற்குப் பின்னால் இருக்கும் காற்று வடிகட்டும் அட்டையை உருவினார். சுண்டு, ஊரில் உள்ள அத்தனை பேர் சட்டை நூலும் பஞ்சும் அதில்தான் இருந்தது. எடுத்துத் திரித்தால் குட்டிக்கு ஒரு ஸ்வெட்டர் ஆகும். புது அட்டை போட்டு, பின்பக்கத்து விசிறியையும் துடைத்துவிட்டதும் காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. முன் சீட்டில் நல்ல குளிர். கடைசி சீட்டில் முன்னைவிட மோசம், இப்போது அனலும் வேகமாக வருகிறது.

உன் அப்பா நம்பவில்லை, உனக்கு உடம்பே சூடு, வண்டியைச் சொல்லாதே என்றார். சரி, என்னை நம்ப வேண்டாம், எண்ணெயை நம்புங்கள் என்று தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயைச் சின்னச் சின்ன பாட்டிலில் ஊற்றி வரிசைக்கு ஒன்றாக வைத்தேன். குளிர் இருந்தால் உறையும், இல்லாவிட்டால் அப்படியே நிற்கும், எண்ணெய்க்குப் பொய் சொல்லத் தெரியாது. மடக்கி வைத்திருந்த கடைசி சீட்டை நிமிர்த்தி, தொங்குகிற சட்டைகளுக்கு நடுவில் நான் உட்கார்ந்தேன். டெலிவரி எல்லாம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் முன் சீட்டு பாட்டில் மெழுகு, நடு சீட்டு பாட்டில் அரை மனதாக இருந்தது, கடைசி சீட்டு பாட்டிலை எடுத்து முதுகுக்கு ஒத்தடம் கொடுக்கலாம். அவர் மஃப்ளர் சுற்றிக்கொண்டு ஓட்டினார், நான் பின்னால் விசிறிக்கொண்டு வந்தேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற பைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். யோசித்தால் எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். நம்மிடம் கோட்டு தேய்க்கக் கொடுக்கிற பல் டாக்டரம்மா எப்போதும் சொல்லுவார், மத்த கடைத் துணியெல்லாம் வரும்போதே ஆறிப்போகுது, உங்க துணி மட்டும் வீட்டுக்கு வந்தும் சூடா இருக்கே, அது எப்படி என்று. உன் அப்பா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு, கைராசிம்மா என்பார்.

எண்ணெய் சொன்ன சாட்சியைப் பார்த்த பிறகு பாப்போம் வேறு கதை சொன்னார். பின்பக்கத்துக்கென்று உள்சுவருக்குள் தனியாக ஒரு பெட்டி இருக்கிறதாம், அதற்கு எஞ்சினிலிருந்து வெந்நீர்க் குழாயும் போகிறது, குளிர்க் குழாயும் போகிறது, எந்தக் காற்றை விடுவது என்று உள்ளே ஒரு சின்னக் கதவு அங்கும் இங்கும் ஆடுமாம். அந்தக் கதவு வெந்நீர்ப் பக்கமே நின்றுவிட்டது, ஆட்டுகிற மோட்டார் போயிருக்கும், சாமான் வெளியூரிலிருந்து வரவேண்டும் என்றார். பிள்ளைகள் வருவதற்குள் வந்துவிடுமா என்று கேட்டோம், என்ன சொல்லியிருப்பார் என்று உனக்கே தெரியும். உன் அப்பா எண்ணெய் பாட்டில்களை எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு, மாப்பிள்ளையக் காரே வெச்சுக்கச் சொல்லிடு, பச்சப் புள்ளைய வேக வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, போய் வேனுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் வரவில்லை. எனக்குக் கேலி பண்ண வாய் வரவில்லை, அப்படி எனக்கு எப்போதாவது ஆகியிருக்கிறதா சொல்.

சாமான் வரும்போது வரட்டும், கழற்றியாவது வைப்போம் என்று பாப்போம் மறுபடி வந்தார். உள்சுவரைக் கழற்ற வேண்டுமானால் துணி தொங்கவிடும் கம்பி போக வேண்டும், கம்பி போக வேண்டுமானால் அதைத் தாங்குகிற பலகை போக வேண்டும். நீ கல்யாணமாகிப் போன கையோடு அந்த சீட்டை மடக்கிவிட்டு, ஜன்னலுக்கு மேலே இரண்டு பக்கமும் பலகை அடித்துக் கம்பி போட்டது அது. பலகையைக் கழற்றினால் அடியில் கறுப்பு டேப், அடிபட்ட முழங்காலுக்குக் கட்டுப் போட்ட மாதிரி சுற்றுச் சுற்றாக. பிரித்தால் உள்ளே ஒரு குமிழ். நீலத்திலிருந்து சிவப்பு வரை திருகுகிற குமிழ், சிவப்பின் கோடியில் நின்றுகொண்டிருந்தது. இது யார் ஒட்டினது என்று பாப்போம் கேட்டார். உன் அப்பா வேனின் கூரையைப் பார்த்தார், அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் குளிர்காலம் முழுக்க உனக்கு விடியற்காலை ஷிப்ட். அப்பா கொண்டுபோய் விடுவார், நீ கடைசி சீட்டில் நீட்டிப் படுத்து ஆஸ்பத்திரி வாசல் வரை தூங்குவாய். நீ தூங்குகிற அழகுதான் ஊருக்கே தெரியுமே, கால் ஜன்னலுக்கு மேலே ஏறிக் குமிழை உதைத்துத் திருப்பிவிடும், பாதி வழியில் குளிர்காற்று அடித்து நடுங்கிக்கொண்டே இறங்குவாய். அதற்காகத்தான் மனுஷன் குமிழைக் கோடிச் சூட்டில் வைத்து டேப் போட்டிருக்கிறார். வெயில் வருவதற்குள் உன் கல்யாணம் வந்தது, பலகை ஏறியது, அவரும் மறந்துவிட்டார். நீ ஊரை விட்டுப் போன சேதியை அந்தக் குமிழுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அது பாட்டுக்கு உனக்குக் குளிருமே என்று சூடு போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, நாங்கள் அந்தச் சூட்டில் டாக்டரம்மாவின் கோட்டைத் தொங்கவிட்டிருக்கிறோம்.

பாப்போம் குமிழை நீலத்துக்குத் திருப்பினார், சுவருக்குள் அந்தக் கதவு டக்கென்று நகர்ந்தது. மோட்டாரும் வேண்டாம், சாமானும் வேண்டாம். பாட்டிலை வைத்துச் சுற்றி வந்தோம், கடைசி சீட்டு எண்ணெய் கல். உன் அப்பா உரித்த டேப்பை உருட்டிப் பார்த்துக்கொண்டே, இப்பல்லாம் இந்த மாதிரி ஒட்டுற டேப் வர்றதில்ல என்றார். அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதையெல்லாம் அவகிட்ட சொல்லிட்டு இருக்காதே என்றார். நான் சொல்லவில்லை, எழுதத்தான் செய்கிறேன். ஒரே நஷ்டம், டாக்டரம்மா நேற்று கோட்டைத் தொட்டுப் பார்த்து, என்ன இஸ்திரிப் பெட்டியை மாத்திட்டீங்களா என்று கேட்டுவிட்டார். கைராசி போயே போய்விட்டது.

ஆகையால் மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லிக் காரை வேண்டாம் என்று சொல்லிவிடு. அத்தைக்கு வாய் கொஞ்சம் நீளம், முட்டைக் கதையை நம்பாதீங்க என்று பழியை என் மேலேயே போடு. கம்பியைக் கழற்றியாயிற்று, குட்டியின் சீட்டை வைக்கக் கடைசி வரிசை காலியாக இருக்கிறது, பக்கத்தில் நான் உட்காருவேன், நீ பழையபடி காலை நீட்டாதே. பெட்டியில் கண்டதையும் அடைக்காமல் குழந்தைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து வா, துணி கசங்கினால் கவலைப்படாதே, இங்கே தேய்க்க ஆள் இருக்கிறது.

மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும், பத்திரமாக வந்து சேருங்கள். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. உன் அப்பா புது டேப் ஒன்று வாங்கி வண்டியின் முன்பெட்டியில் வைத்திருக்கிறார், எதற்கு என்று கேட்டால் சும்மா என்கிறார். குட்டிக்குக் குளிருகிறது என்று மட்டும் அவர் காதில் விழும்படி சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
எண்ணெய் பாட்டிலோடு கடைசி சீட்டில் இடம் பிடித்து வைத்திருக்கும் உன் அம்மா