காரிநங்கையின் காது குறித்து நீலவாய் மன்னருக்கு

நலம் பெருகுக. நீலவாய் நாட்டில் மழை பிழையாது பெய்க, ஆனினம் பல்குக. ஏழு துறைமுகம் உடையவரும் பகைவர் அஞ்சும் வேலினருமான நன்மாறவேள் மன்னர் பெருமான் திருமுன், கருங்குன்றத்துக் காவல் தலைவனும் மணமகள் காரிநங்கைக்குத் தாய்மாமனுமான சாத்தன்கோடன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் எழுத்தர்மேல் எனக்கு நம்பிக்கையில்லை. ஆகையால் என் கையாலேயே கீறினேன். கோணல் எழுத்தைப் பொறுத்தருள்க.

தங்களுக்கு மணம் முடிக்கவென்று பெண்ணை அழைத்துவந்து தங்கள் விருந்து மாளிகையில் இறங்கியிருக்கிறோம். இன்று காலை தங்கள் அமைச்சர் அரண்மனை வைத்தியரை அனுப்பினார். தோளைத் தொடும் காது இப்போது அழகில்லையாம்; முகூர்த்தத்துக்கு முன் அறுத்துத் தைத்துவிட வேண்டுமாம். அந்தக் காதை என் மடியில் வைத்துத்தான் குத்தினார்கள். அதை வளர்க்க அவள் தாய் பஞ்சு திரித்து வைத்த பாடு எனக்குத் தெரியும்.

வைத்தியரை இருக்கச் சொல்லிவிட்டுத் தங்கள் சித்திர மண்டபத்தில் போய் உட்கார்ந்தேன். குளத்து வெயில் சாளரம் வழியே ஏறிச் சுவரில் அலைய, அதில் தீட்டிய தங்கள் குலத்து அரசியர் எல்லாரும் தண்ணீருக்குள் நின்று மூச்சு விடுவதுபோல் இருந்தது. கண் சொக்கியது. முதல் அரசிக்கு நெல் கொட்டும் பத்தாயம் போன்ற இடுப்பு. அன்றைக்கு அவள்தான் அழகி. அடுத்தவள் ஊதினால் பறப்பாள்; அவளும் அழகி. ஒருத்தி பல்லைக் கறுப்பாக்கிச் சிரிக்கிறாள். வெயில் அசைய அசைய ஒருத்தி மற்றவளுக்குள் கரைந்து போனாள். கடைசியில் தங்கள் அன்னையார். சின்னக் காது. நம்பாமல் கிட்டப் போனேன். புதுச் சாயத்துக்கு அடியில், நிழல்போல், நீண்ட காதொன்று தோள்வரை ஆடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து காரிநங்கையிடம் சம்மதமா என்று கேட்டேன். நீளக் காதே மறுபடி அழகென்று ஆனால், அறுத்ததை எடுத்து ஒட்டித் தருவாரா என்று வைத்தியரைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, மன்னர் தன்னை வேண்டினால் இருப்பதாகவும், காதைக் குறைத்துத்தான் கொள்வாரென்றால் மலைக்கே போய்விடலாமென்றும் சொன்னாள்.

ஆகவே வைத்தியரைக் கத்தியோடு திருப்பி அனுப்பினேன். பல்லக்கை மலைப் பாதை நோக்கித் திருப்பி வைக்க என் ஆட்களுக்குக் கட்டளையிட்டேன். அமைச்சர் வாயால் வரும் பதில் எனக்கு வேண்டாம். தாங்களே மண்டபம் சென்று அன்னையாரின் காதைப் பார்த்து, பின் இவளையும் நேரில் பார்த்துச் சொல்க.

எனக்கென்று முத்திரை கிடையாது. காரிநங்கை தன் இடக்காதுத் தண்டட்டியைக் கழற்றி அரக்கில் அழுத்தித் தந்தாள். அதுவே இந்த ஓலைக்கு முத்திரை. அந்தக் காது இப்போது வெறுமையாய் ஆடுகிறது. தங்கள் பதில் வந்த பின்தான் அதில் தண்டட்டி ஏறும்.