தானாகத் துண்டித்துக்கொள்ளும் டிஸ்க்

டிரெஸ்டன்
திங்கட்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பனியன் கம்பெனியில் செக்கிங் பெண்களுக்கு ஸ்டூல் கொடுத்தார்களா? கொடுக்காவிட்டால் கேளுங்கள். நாள் முழுக்க நிற்பது முதலாளியின் கால்கள் அல்ல.

போன வாரம் ஒரு சின்னத் தொல்லை, இப்போது தீர்ந்துவிட்டது. என் ஆய்வின் மூன்று மாத அளவீடுகள் இருக்கும் அந்தச் சின்ன டிஸ்க், நகலெடுக்கத் தொடங்கிய பத்தாவது நிமிடம் தானாகத் துண்டித்துக்கொண்டது. கேபிளை மாற்றினேன், வேறு கணினியிலும் செருகிப் பார்த்தேன், அதே கதை. வேறு நகல் என்னிடம் இல்லை. ஆய்வகப் பொறுப்பாளர், "இந்தியாவில் வாங்கியதா?" என்றார். இந்த ஊர்க் கடையில் வாங்கியது. ஜெர்மன் மாணவர்கள் யாரிடமும் அவர் அப்படிக் கேட்டதில்லை.

பக்கத்து மேசை தேனுஜா, யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண், அதைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள்.

"என்னப்பா, அடுப்பு மாதிரிச் சுடுது! இதுக்கு ஏன் சுவெட்டர் போட்டு வச்சிருக்கிறீர்?"

"எங்க வீட்ல ரிமோட்டுக்கே உறை உண்டுங்க."

"முதல்ல கழட்டும்!"

நீங்கள் அளவு கேட்டு, பஞ்சு வைத்துத் தைத்து பார்சலில் அனுப்பிய உறையோடுதான் செருகியிருந்தேன். கழற்றிய பிறகு ஒருமுறைகூடத் துண்டிக்கவில்லை. இரண்டு நகல் எடுத்துவிட்டேன். உங்கள் தையலில் குறை இல்லை. சூடு வெளியேற வழி இல்லை, அவ்வளவுதான். இனி பையில் வைக்கும்போது மட்டும் போடுவேன். லேப்டாப்புக்குத் தைக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது, பேச ஒன்றுமில்லை என்று உடனே வைத்துவிடாதீர்கள். போனை மிஷின் பக்கத்தில் வைத்துவிட்டு நீங்கள் பாட்டுக்குத் தையுங்கள். நான் இங்கே ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருப்பேன்.

டிராம் வருகிறது.

உங்கள் மகன்
சிவராம்