கரி சுட்டவர்களின் காடு

கோலியர்ஸ் வுட்,
14.2.1993

அன்புள்ள ஐயாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் கடிதத்தைத் திரும்பவும் வாசித்தேன். முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

சீதனத்துக்கென்று என் பெயரில் எழுதிய வளவுக் காணியில், பலாலியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து கொட்டில் போட்டிருக்கும் குடும்பத்தை எழுப்பி அனுப்பிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அண்ணையும் அதைத்தான் சொல்கிறாராம்.

போன கிழமை மாலை வகுப்பில் இங்கத்தைய ஆங்கில ஊர்ப்பெயர்களைப் பற்றிப் படித்தோம். நான் இருக்கும் கோலியர்ஸ் வுட் என்ற பெயருக்கு மரக்கரி சுடுபவர்களின் காடு என்று பொருளாம். இப்போது காடு இல்லை. அந்தக் காடு யாருடைய சொத்து என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த தவநாயகி, "எங்கை போனாலும் உமக்குக் காணி விடுப்புக் கேக்கிறதுதான் வேலை!" என்று சிரித்தா. உரிமைக்காரரின் பெயர் தனக்குத் தெரியாது என்றார் ஆசிரியர். கரி சுட்டவர்களைத்தான் ஊர் நினைவு வைத்திருக்கிறது.

வளவில் பாழாய்க் கிடந்த கிணற்றை இறைத்து அந்தக் குடும்பத்தார் வெங்காயம் நட்டிருப்பதாக நீங்கள்தான் எழுதினீர்கள். நான் அந்த வளவில் ஒரு நாள்கூட இருந்ததில்லை, ஐயா.

காணி உறுதிப் பத்திரத்தின் பிரதி ஒன்றை அனுப்புங்கள். கடிதத்தைக் கொஞ்சம் நீளமாக எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிக்க வேண்டும். ஷிப்டுக்கு நேரமாகிறது.

இதை இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. வளவை அவர்களுக்கே எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

உங்கள் மகள்,
சிவமலர்