உங்கள் நம்பரில் வேறொருவர்

இன்று காலை நம் ஜீப்பைப் பார்த்தேன். விடுதிச் சமையலுக்குக் கிளம்பி, பண்ணைக்காடு பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். தாண்டிக்குடிப் பக்கமிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கி வந்தது. வாங்கியவர் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார், முன்னால் மஞ்சள் விளக்கெல்லாம் போட்டிருக்கிறார். பின்னால் நீங்கள் எழுதி வைத்த போன் நம்பரை மட்டும் ஏனோ அழிக்கவில்லை. அந்த டீசல் வாடை அடங்கும்வரை அப்படியே நின்றேன். பேருந்து வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அதற்கு விடுதியை நடத்தும் சிஸ்டரிடம் வாங்கிய திட்டு தனிக் கதை.

ஜெனி அப்பா, அந்த நம்பரைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். இந்த ஒரு மாதமாக அது என்னைப் படுத்திய பாட்டை வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஜெனி நர்சிங் மூன்றாம் வருஷம் வந்துவிட்டாள். முதல் வருஷம் உதவித்தொகைக்கு நாம் அலைந்தது நினைவிருக்கிறதா? வருமானச் சான்றுக்காகக் கொடைக்கானல் தாலுகா ஆபீசில் மழையில் நின்றோம். உள்ளே போனதும் அந்த எழுத்தரிடம் நீங்கள், "எத்தன நகல் வேணும்னாலும் கேளுங்க சார், ஜீப்பு வெளியதான் நிக்கிது" என்றீர்கள். நகலுக்கும் ஜீப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் விழித்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திரும்பும்போது காகிதக்கட்டை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே, "கையில காகிதம் இருக்குல்ல, இனி என்ன பயம்?" என்றீர்கள். இரண்டாம் வருஷம் நீங்கள் இல்லை. ஆனால் கல்லூரியிலேயே புதுப்பித்துக் கொடுத்துவிட்டதால் எனக்குச் சிரமம் தெரியவில்லை.

இந்த வருஷம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். காகிதமே கிடையாது. பிள்ளைகள் தாங்களாகவே இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதாரோடு இணைத்த போனுக்கு ஓடிபி வரும். அதைப் போட்டால்தான் அடுத்த பக்கமே திறக்கும். ஜெனியின் ஆதாரில் இருப்பது உங்கள் நம்பர்.

அந்த போன்தான் மதுரை ஆஸ்பத்திரியில் உங்கள் சட்டையோடு காணாமல் போனதே. உங்களையே பறிகொடுத்துவிட்டு நின்றவளுக்கு போன் எங்கே ஞாபகத்துக்கு வரும்? சிம் செத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நம்பரை மாற்ற கொடைக்கானல் ஆதார் மையத்துக்கு ஓடினேன். கைரேகை வைக்க ஜெனியும் திண்டுக்கல்லிலிருந்து வந்து போனாள். மாறுவதற்கு நாளாகும் என்றார்கள். விண்ணப்பத்துக்கோ அந்தச் சனிக்கிழமை கடைசித் தேதி.

"அம்மா, இது நடக்கலைன்னா முழு பீஸையும் கட்டச் சொல்லுறாங்க. நான் ஒரு வருசம் நிறுத்திட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போகட்டா?" என்றாள் ஜெனி. அழாமல், சாதாரணமாகக் கேட்டாள். அழுதிருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பேன்.

உங்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. நம் வீட்டுக்கு மட்டுமா அந்த நம்பர்? பள்ளிக்கூடத்தில் ஆதார் முகாம் போட்டபோது தெருவில் பாதிப் பேரிடம் போன் கிடையாது. இருந்தவர்கள் வீட்டிலும் சிக்னல் கிடையாது. வரிசையில் நின்றவர்களிடம் நீங்கள்தான் பெரிய மனுஷனாட்டம், "ஏலே, என் நம்பரச் சொல்லுங்கலே. மலை எறங்கையில எப்படியும் சிக்னல் வரும்ல, வந்தா நான் சொல்லுறேன்" என்றீர்கள். சொன்னபடி செய்யவும் செய்தீர்கள். கீழே வளைவில் ஜீப் திரும்பும்போது போன் கிணுகிணுவென்று அடிக்கும். சாயங்காலம் வீடு வீடாக நிறுத்தி, "பாக்கியம் அக்கா, ஒங்க கேஸ் சிலிண்டர் வருது!" "ஏம்பா, ஒனக்கு நூறு நாள் வேலப் பணம் ஏறிருச்சு!" என்று கத்திக்கொண்டு வருவீர்கள். யார் வீட்டில் எவ்வளவு இருப்பு என்று ஊருக்கே தெரிந்துபோகும். யாரும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை.

வேறு வழியில்லாமல் வியாழக்கிழமை அந்த வளைவுக்குப் போய், உங்கள் நம்பருக்கே போன் போட்டேன். மணி அடித்தது. செத்த நம்பர் என்றல்லவா நினைத்தேன்?

"யாரு?" ஓர் ஆண் குரல். பின்னால் டம்ளர் கழுவும் சத்தம்.

"ஐயா, இந்த நம்பர் முன்னாடி எங்க வீட்டுக்காரருதுங்க. எம்பொண்ணு படிப்புக்கு ஒரு ஓடிபி வரும். அத மட்டும் கொஞ்சம்..."

"ஓடிபியா? காலங்காத்தாலயே ஆரம்பிச்சுட்டீங்களா? வேற சோலி இல்லியா ஒனக்கு?" வைத்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியுமா? பேங்க் மேனேஜர் என்று சொல்லி ஓடிபி கேட்டவனை நீங்கள் ஜீப்பை நிறுத்திவைத்து, சவாரிக்காரர்கள் சிரிக்கச் சிரிக்க வைது தீர்த்தது எனக்கு மறக்குமா? ஆனாலும் மகள் படிப்பு தொங்கிக்கொண்டிருக்கிறது. மறுபடி போட்டேன், துண்டித்தார். இன்னொரு முறை போட்டபோது எடுத்து, "போலீசுல சொல்லிருவேன்" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் ஆங்காரம் வந்ததோ. "சொல்லுங்க! பண்ணைக்காட்டு ஜீப்புக்காரரு பொண்டாட்டி பேசுனான்னே சொல்லுங்க!" என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் டம்ளர் கழுவுவது நின்றது. "ஜீப்பா?" என்றார். "எக்கா, இந்த சிம்மு வாங்குன நாள்லேர்ந்து 'அண்ணே, ரெண்டு மூடை மெளகு கெடக்கு, ஜீப்பு எங்க வருது'ன்னு ஒரே போனு. ராங் நம்பருன்னு சொன்னா, வெளையாடாதீங்கண்ணேங்கிறாங்க. லேட்டானாலும் பரவால்ல, நிக்கிறோம்ங்கிறாங்க. அந்த அண்ணன் இப்ப எங்க இருக்காரு?"

மேலத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இன்னும் சேதி போகவில்லை போலிருக்கிறது.

"இல்லைங்க" என்றேன்.

ஊரில் யார் கேட்டாலும் பக்கத்தில் இருப்பவர்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள். என் வாயால் நான் சொன்னது அன்றுதான். சொன்ன பிறகு சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அந்த முகம் தெரியாத தம்பி, தான் சாத்தூரில் டீக்கடை வைத்திருப்பதாகச் சொன்னார். பிறகு, "பாப்பாவ அனுப்பச் சொல்லுங்கக்கா. வந்தா வாசிக்கிறேன்" என்றார்.

பாக்கியம் அக்கா மகனின் போனையும் வாங்கிக்கொண்டு அதே வளைவில் நின்றேன். ஒரு காதில் ஜெனி, மறு காதில் டீக்கடை. ஜெனி பொத்தானை அழுத்தினாலும் அவருக்கு வரவில்லை. வந்தபோது நேரம் முடிந்துவிட்டது. மறுபடி அழுத்தினால் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. "அம்மா, வெரசா, டைம் ஓடுதும்மா!" என்று இவள் பதறுகிறாள். அங்கே யாரோ டீ கேட்கிறார்கள். "இருப்பா, இங்க ஒரு புள்ள படிப்பு கெடக்கு!" என்று அவர் அதட்டியது எனக்குக் கேட்டது. அடுத்த நிமிஷம் ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். நான் திருப்பிச் சொன்னேன். வாய் குழறி ஒன்றை மாற்றிச் சொல்ல, ஜெனி கத்த, மறுபடி கேட்டுச் சொல்லி, ஒரு வழியாகப் பக்கம் திறந்தது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி வந்து உட்கார்ந்துகொண்டது. தினமும் வேலை முடிந்து அந்த வளைவில் நின்று ஜெனியைக் கேட்பேன். அதே வரிதான் என்பாள். பெயரில் இனிஷியல் முன்னால் இருப்பது தப்போ, வருமானச் சான்று பழசோ என்று மனம் எதையாவது பிடித்துக்கொள்ளும். ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். விடுதிப் பிள்ளைகள் முகத்தைச் சுளித்தபடி சாப்பிட்டார்கள். யாரைப் போய்க் கேட்பது? நீங்கள் அதட்டிக் கேட்க ஒரு மேசை, ஓர் எழுத்தர் இருந்தார். எனக்கு அதுவும் இல்லை.

இதற்கிடையில் தெருவில் எல்லோரையும் கூட்டிப்போய் ஆதாரில் நம்பர் மாற்ற வைத்தேன். பாக்கியம் அக்கா, "ஒன் நம்பரையே போட்டுக்கிறேன்டி" என்றாள். "வேணாம்க்கா, ஒங்க மகன் நம்பரப் போடுங்க. நான் மட்டும் சாகாவரமா வாங்கி வந்திருக்கேன்?" என்று கடிந்துகொண்டேன். பாவம், அவள் முகம் சுண்டிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை வேலை விட்டு வரும்போது, அந்த வளைவில் என் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் திரையில், "ஜெனி அப்பா".

உங்கள் நம்பரை அந்தப் பெயரில்தானே வைத்திருந்தேன். நானாகக் கூப்பிடும்போது அது உறைக்கவில்லை. அங்கிருந்து வந்தபோது உயிரே நின்றுவிட்டது. எடுக்கத் தோன்றவில்லை. அடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். நின்றுபோய்விடுமோ என்று பயம் வந்த பிறகுதான் எடுத்தேன்.

"எக்கா, நாந்தான் சாத்தூரு. ஒங்க பாப்பா பேருல மெசேஜ் வந்துருக்கு. விண்ணப்பத்துல இந்த நம்பருதான பதிவாயிருக்கு. ஏத்துக்கிட்டாங்கன்னு போட்டுருக்குக்கா. பாப்பாவ நல்லாப் படிக்கச் சொல்லுங்க."

நடுரோட்டில் நின்று அழுதேன். யார் பார்த்தார்களோ தெரியாது, பார்க்கட்டும்.

ஜெனிக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அடுத்த வருஷம் வேறு என்ன மாற்றி வைப்பார்களோ என்ற பயம் இப்போதே பிடித்துக்கொண்டது. போனில் அந்தப் பெயரை மாற்றச் சொல்கிறாள் அவள். சாத்தூர்த் தம்பி என்று போடலாமாம். நல்ல மனுஷன், போடலாம்தான். ஆனால் மணி அடித்து, அவர் குரல் கேட்பதற்கு முன்னால் ஒரு நொடி நீங்கள் இருக்கிறீர்கள். அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை.