பெசன்ட் நகரில் பெய்த ஹைதராபாத் மழை

சாந்தோம் குப்பம்,
திங்கட்கிழமை.

ஹைதராபாத்தில் இன்டர்ன்ஷிப் செய்துகொண்டிருக்கும் என் மகள் டயானாவுக்கு அம்மா எழுதுவது. மாதா கிருபையால் நானும் அப்பாவும் உன் தம்பி சூர்யாவும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை, நீ சுகமாக இருப்பதைப் போன சனிக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகரில் என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

பயப்படாதே, அப்பாவுக்கு இன்னும் தெரியாது. போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நீ என்ன பேசுவாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன். கோயம்புத்தூர் காலேஜ் ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டு, இந்த லீவில் இன்டர்ன்ஷிப் போகாவிட்டால் நாளைக்கு யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள், எத்தனையோ கம்பெனிக்கு மெயில் போட்டும் ஒருத்தன்கூடப் பதில் போடவில்லை என்று அழுதாயே, நினைவிருக்கிறதா. மந்தைவெளியில் நான் மீன் கொடுக்கும் வீட்டு சாரிடம் உன் ரெஸ்யூமேயை போனில் காட்டி, பொழுதுபோக்கையெல்லாம் எடுத்துவிட்டு செய்த ப்ராஜெக்டை மேலே போடச் சொல்லு என்று அவர் சொன்னதை அன்றைக்கே உனக்குச் சொன்னேன். இன்டர்வியூவுக்கு முன்னால் ஒரு வாரம் நான்தான் உனக்கு மேனேஜர். மீன் வெட்டுகிற கட்டைக்குப் பக்கத்தில் போனை ஸ்பீக்கரில் வைத்து, நீ சொல்லிக்கொடுத்த இங்கிலீஷிலேயே டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப் என்று நான் கேட்க, நீ பதில் சொல்ல, பக்கத்துக் கூடை தேவானைக்கு உன் பதிலெல்லாம் மனப்பாடம். ஒரு நாள் நீ தடுமாறினதும் அவளே எடுத்துக்கொடுத்துவிட்டு, இன்னாம்மே இது, இந்த வேலை எனக்கே கெடச்சிடும் போல கீதே என்று சிரித்தாள். ரங்கநாதன் தெருவில் இடிபட்டு நீலக் கோடு போட்ட முழுக்கைச் சட்டை வாங்கி அனுப்பினேன். ஹைதராபாத்துல கெடச்சிடுச்சிம்மா என்று நீ கத்தினபோது மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி நானும் கத்தினேன்.

உனக்குக் கிடைத்தால் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குச் செருப்பில்லாமல் நடந்தே வருகிறேன் என்று பொருத்தனை வைத்திருந்தேன். பாஷை தெரியாத ஊரில் என் பிள்ளை தனியாக இருக்கிறாள், பத்திரமாகப் பார்த்துக்கொள் தாயே என்று இன்னொரு வேண்டுதலையும் சேர்த்துக்கொண்டு சனிக்கிழமை வியாபாரம் முடித்துக் கிளம்பினேன். அடையாறு பாலம் தாண்டுவதற்குள் பாதம் கொப்பளித்துவிட்டது. மெழுகுவத்தி ஏற்றி ஜெபம் பண்ணிவிட்டு, காலை நனைக்கலாம் என்று கடல் பக்கம் வந்தால் அந்தச் சட்டை தெரிந்தது. சட்டையைப் பார்த்த பிறகுதான் உன்னைப் பார்த்தேன். இன்னும் இரண்டு பெண்களோடு மணலில் உட்கார்ந்து சோளம் தின்றுகொண்டிருந்தாய். அப்போதுகூட என் புத்தி, யாரோ நம்ம பிள்ளை ஜாடையில் இருக்கிறாள் என்றுதான் சொன்னது. அதனால்தான் போன் போட்டேன். நீ பையிலிருந்து போனை எடுத்துப் பெயரைப் பார்த்தாய், எழுந்து அவர்களை விட்டுத் தள்ளி, என் பக்கமாகவே நாலு எட்டு வந்து, சோள வண்டி மறைவில் நான் நிற்பது தெரியாமல் பேசினாய். இங்க ஹைதராபாத்துல செம மழம்மா, ஒன்னும் கேக்கல, ரூமுக்குப் போய்க்கினு கீறேன், அப்பால பேசறேன் என்றாய். நனையாமல் போ என்று சொன்னேன்.

நீங்கள் எழுந்து போனதும் பின்னாலேயே வந்தேன். நீங்கள் உள்ளே போன அபார்ட்மெண்டின் வாட்ச்மேனைக் கேட்டேன். அந்த நீலச் சட்டப் பொண்ணா, ஒரு மாசமா ஃப்ரெண்டோட இங்கதான் தங்கிக்கினு கீது, அடையாறுல ஆபீஸு, ஷேர் ஆட்டோல போயிட்டு வரும் என்றான். நீ யாரு என்று கேட்டான். மீன் கொடுக்கிறவள் என்றேன். இந்தக் கடிதத்தையும் அவனிடமே கொடுத்துவிட்டுப் போகிறேன், தபாலில் போட்டால் ஹைதராபாத்துக்கு அல்லவா போகும்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். நம்ம வீடு ஒரே அறை, அப்பா விடியற்காலையில் வலை எடுக்கிற சத்தம், லேப்டாப் வைக்க இடமில்லை, சட்டையில் மீன் வாடை ஏறும். எல்லாம் நிஜம்தான். அதைச் சொல்லியிருந்தால் நானே உன்னை அந்தப் பிள்ளை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலோடு திரும்பியிருப்பேன். தேவானை மகன் ஹைதராபாத் போகிறான், நெத்திலிக் கருவாடு வறுத்துக் கொடுத்தனுப்பவா என்று கேட்டபோது, ஹாஸ்டலில் வாடை வரும் வேண்டாம் என்றாய். அதையும் நம்பினேன். டிவியில் அந்த ஊர் பெயர் வந்தால் வெட்டுகிற கத்தியை வைத்துவிட்டு ஓடிவந்து பார்த்தேன். பாலம் தாண்டினால் வருகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு என்னை இப்படிப் பைத்தியக்காரியாக ஆக்கினாயே, இது துரோகம். வேறு வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை. வெளியாள் ஏமாற்றினால் நடுரோட்டில் நிறுத்தி நாலு கேள்வி கேட்பேன். நீ என்னைப் பார்த்து அவமானப்படுவாயோ என்று பயந்து, உன்னை அங்கே பேர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை. என் மகளுக்கு முன்னால் நான் ஒளிந்து நின்றேன் டயானா, அதை என்னால் மறக்க முடியவில்லை.

மிச்சம் இருக்கிற நாளில் வேலையை ஒழுங்காகப் பார். சர்டிபிகேட்டைக் கையில் வாங்காமல் கிளம்பாதே, பேரும் இனிஷியலும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள். பீச்சில் விற்கிற சோளத்தில் மிளகாய்த்தூள் அதிகம், உன் வயிற்றுக்கு ஆகாது.

அப்பாவிடம் நான் சொல்லப்போவதில்லை. உன்னைக் காப்பாற்ற இல்லை, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை நீ திரும்பி வருவதாகச் சொன்னாய் அல்லவா, அன்றைக்கு அவர் கடலுக்குப் போகப்போவதில்லை. மகள் ஹைதராபாத்திலிருந்து வருகிறாள், சென்ட்ரலுக்குப் போய் அழைத்து வரணும் என்று படகில் கூட வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறார். மாதா உன்னை ஆசீர்வதித்து நல்ல வழியில் நடத்தட்டும், என் கண்ணீர் உன்மேல் விழாமல் இருக்கட்டும். மறக்காமல் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல், எனக்கு வேண்டாம், அவருக்கே சொல். நீ எந்தப் பெட்டியில் வருகிறாய் என்று கேட்கச் சொன்னார். ரயில் நிற்கும்போது அதற்கு நேராக நிற்க வேண்டுமாம்.

உன் அம்மா,
ஃபிலோமினா