அண்ணன் வாங்கிய படம்

தியாகராய நகர்,
10 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை வடிவுக்கு,

போனில் பேசினால் நாம் சண்டையில்தான் போய் நிற்கிறோம். அதனால் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் மதினிக்கு மூட்டுவலி, எனக்கு முகூர்த்த வியாபாரம். பொங்கலுக்கு வந்தவள் அதன் பிறகு இந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. அடையாறு என்ன அமெரிக்காவிலா இருக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பல்கலைக்கழக அறங்காவலர் வீட்டம்மா நேற்று நம் கடைக்குப் பட்டு எடுக்க வந்தார்கள். சிவில் இன்ஜினியரிங் வகுப்பில் நீ ஏதோ குடிசை இடித்த படத்தை மாட்டி வைத்திருக்கிறாயாம், எடுக்கச் சொன்னால் கேட்கவில்லையாம். மே மாதம் உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது சந்தேகம்தான் என்று, புடவை முந்தானையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். வாசலில் மாட்டிய சேலை வாடிக்கையாளருக்குப் பிடிக்கவில்லை என்றால் மறுநாளே மாற்றுகிறவன் நான். ஒரு படத்துக்காக யாராவது வேலையை விடுவார்களா? மாப்பிள்ளை தவறிப்போன பிறகு வாடகையும் மகள் செல்வியின் படிப்பும் உன் தலையில்தானே இருக்கிறது? கழற்றிவிடம்மா.

அன்புடன் அண்ணன்,
அய்யாதுரை

அடையாறு,
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மதினியை வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கண்ட மாத்திரையையும் விழுங்க வேண்டாம்.

அந்தப் படத்தை வரைந்தது மணிமொழி என்ற பெண். சிந்தாதிரிப்பேட்டையில் கூவக்கரையில் இருந்த அவர்கள் வீட்டை இடித்து, ஊருக்கு வெளியே குடியமர்த்திவிட்டார்கள். இடித்த அன்று தெருவில் கிடந்த கட்டில், சாமான்களை வரைந்திருக்கிறாள். வகுப்பில் ஒரு வருடம் வைத்துக்கொள்ள எனக்கு இரவலாகக் கொடுத்தாள்.

வெள்ள வடிகால் பாடம் தொடங்கும் முன் மாணவர்கள் வகுப்பு நேரம் முழுவதும் அதன் முன்னால் பேசாமல் உட்கார வேண்டும். அதற்குப் பிறகுதான் வரைபடத்தை விரிப்பேன். முதலில் நெளிவார்கள், போனைத் தேடுவார்கள். மெல்ல மெல்லப் பார்க்க ஆரம்பிப்பார்கள். போன வாரம் ஒருவன், "மேடம், மேப்ல இந்தக் கோட்டை நான் போட்டா, அந்தக் கட்டிலை யாரு தூக்கிட்டுப் போறது?" என்று கேட்டான். இத்தனை வருடம் சூத்திரம் சொல்லிக் கொடுத்தும் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. செவிலியர் துறை வஜீஹாவும் இப்போது தன் மாணவிகளை அழைத்து வருகிறாள். படத்தில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் கிழவரின் கால் வீங்கியிருப்பதை அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். வணிகவியல்காரர்களும் நேரம் கேட்டிருக்கிறார்கள்.

ஆற்றங்கரைத் திட்டம் ஒன்றுக்கு ஆலோசனை சொல்லும் வேலை எங்கள் நிர்வாகத்துக்கு வரப்போகிறதாம். அதனால் படம் உறுத்துகிறது. எனக்கும் பயம்தான் அண்ணே, தூக்கம் வருவதில்லை. ஆனால் என் கையால் அதைக் கழற்ற முடியாது.

உங்கள்
வடிவு

தியாகராய நகர்,
9 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

இனி நன்றாகத் தூங்கு. உன் கையால் கழற்ற வேண்டியதில்லை. படத்தை நான் வாங்கிவிட்டேன்.

ஜவுளியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சரக்கில் தகராறு வந்து, கொடுத்தவனும் எடுத்தவனும் இறங்கி வரவில்லை என்றால், மூன்றாவது ஆள் ஒருவன் மொத்தமாக எடுத்துக்கொள்வான். இரண்டு பேர் மானமும் பிழைக்கும். அதைத்தான் செய்தேன். பழம், பூ, ஒரு சேலையோடு மணிமொழி வீட்டைத் தேடிப் போனேன். லிஃப்ட் ஓடவில்லை, மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. உன் அண்ணன் என்றதும் நீதான் அனுப்பினாய் என்று நினைத்துக்கொண்டாள். நானும் மறுக்கவில்லை. அவள் சொன்ன விலைதான், பேரமே பேசவில்லை. அவள் அம்மா பாஞ்சாலிதான், "இன்னா சார், இத்தப் போயி துட்டு குடுத்து வாங்கிக்கினு போற? அன்னிக்கு எங்க ஊட்டாண்ட வந்திருந்தா சும்மாவே பாத்திருப்பியே" என்றது. நானும் சிரித்து வைத்தேன்.

அறங்காவலருக்குப் பரம சந்தோஷம். இன்று காலை நம் ஆட்கள் போய் எடுத்து வந்துவிட்டார்கள். குடோனில் பத்திரமாக இருக்கிறது. உன் வேலைக்கு இனி ஒரு குறையும் வராது.

அண்ணன்,
அய்யாதுரை

அடையாறு,
20 மார்ச் 2025

அண்ணனுக்கு,

திங்கட்கிழமை வகுப்புக்குள் போனேன். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. படம் எங்கே என்று கேட்டார்கள். எங்கள் அண்ணன் வாங்கிவிட்டார் என்றேன். பின் வரிசையில் கை தட்டினார்கள். எனக்காகச் சந்தோஷப்பட்டார்கள், அண்ணே.

மணிமொழியைக் கோபித்துக்கொள்ள முடியாது. அவள் வரைந்தாள், அவள் விற்றாள். நீங்கள் வந்துபோனதற்காக எனக்கு நன்றி சொன்னாள். நான் அனுப்பவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிர்வாகத்தோடு சண்டை போடலாம் என்றால், சண்டை போட அங்கே இப்போது ஒன்றுமே இல்லை. மே வரை காத்திருக்காமல் ஒப்பந்தத்தை அனுப்பிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். செல்விக்குப் படிப்பு இருக்கிறது. உங்களைத் திட்டலாம் என்றால், நீங்கள் எனக்குக் கெடுதல் ஒன்றும் செய்யவில்லை. யாரிடம் போய் என்ன கேட்பேன்?

கொஞ்ச நாள் எழுதாதீர்கள். வீட்டுக்கும் வர வேண்டாம்.

வடிவு

தியாகராய நகர்,
21 ஏப்ரல் 2025

அன்புத் தங்கைக்கு,

எழுதாதீர்கள் என்றாய். இருக்க முடியவில்லை.

படத்தைத் திரும்ப மாட்டலாமா என்று அறங்காவலரைக் கேட்டேன். முடிந்த விஷயம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் கல்யாண ஜவுளி முழுக்க நம் கடையில்தானாம். மணிமொழியிடம் போய், நீ அனுப்பி நான் வரவில்லை என்ற உண்மையைச் சொன்னேன். பணம் திரும்ப வேண்டாம், படத்தை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்றேன். "அன்னிக்கே ஏன் சார் சொல்லல?" என்று கேட்டாள். விற்றதைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று உள்ளே போய்விட்டாள். என் வியாபாரத்தில் விற்கவும் முடியாமல், கொடுக்கவும் முடியாமல் நின்ற சரக்கு இது ஒன்றுதான்.

நேற்று கடைக்கு விடுமுறை விட்டேன். குடோனில் படத்தைப் பிரித்துச் சாய்த்து வைத்து, நீ பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி பேசாமல் உட்கார்ந்தேன். முதலில் சட்டத்தைத்தான் பார்த்தேன், தேக்கா வேம்பா என்று. பிறகு கட்டில், கிழவர் கால். அதன் பிறகு கட்டிலுக்கு அடியில் சேறு பட்ட ஒரு மஞ்சள் பை. அதற்குள்ளிருந்து ஒரு பாடப் புத்தகம் எட்டிப் பார்க்கிறது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனேன். நம் கடைப் பை. "வடிவு ஸ்டோர்ஸ்" என்பதில் உன் பெயர் மட்டும்தான் தெரிகிறது. கீழே நம் பழைய போன் நம்பர்.

நீ இதைத் தினமும் பார்த்திருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தப் பையைப் பற்றி உன் பிள்ளைகள் என்ன சொன்னார்கள்? வேறு ஒன்றும் வேண்டாம், அதை மட்டும் எழுது. தபால்காரர் மத்தியானம்தான் வருகிறார். சாப்பிட வீட்டுக்குப் போகாமல் கடையிலேயே இருக்கிறேன்.

அண்ணன்,
அய்யாதுரை