ஒரே கடையில் வாங்கின ரெண்டு டிஸ்க்

என் தங்கம் நஸ்ரினுக்கு அத்தாவோட சலாம்.

வாராவாரம் ஜும்ஆ தொழுகை முடிஞ்சு உன்ன அடக்கின கபர்கிட்ட வந்து நிக்கறப்போ இதே சலாத்த வாயால சொல்றேன். அதுக்கு மேல பேச்சு வரமாட்டேங்குது. மூணு வாரமா உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு வரேன், துஆ கேட்டுட்டு செருப்ப மாட்டிக்கினு திரும்பிடறேன். அதனால கடையில, மதியானம் ஆள் இல்லாத நேரமாப் பாத்து, பில் புக்கோட பின்பக்கத்துல எழுதறேன்.

நேரா சொல்லிடறேன். நீ வூட்ல வெக்கணும்னு ஆசைப்பட்ட அந்த சர்வர் பொட்டிய நான் செஞ்சேன். உன் போட்டோ, வீடியோ, குரல் எல்லாத்தையும் கொண்டாந்து அதுல வெச்சேன். இப்போ அதுல ஒண்ணுமே இல்ல. எல்லாம் போச்சு, போனது என்னாலதான். உங்கம்மாவுக்கு இன்னும் தெரியாது.

நீ மொத மொத கேட்டப்போ, "வூட்டுக்கு எதுக்குடி சர்வர்? நாம இன்னா பேங்கா நடத்தறோம்?"னு உன்கிட்ட எகிறினேன். நீ கோவப்படல. "நம்ம படமெல்லாம் இன்டர்நெட்டுல எவனோ ஒருத்தன் எடத்துல வாடகைக்குக் கெடக்குது அத்தா. ஒரு மாசம் வாடகை கட்டலன்னா தூக்கி வெளிய போட்ருவான். சொந்த வூடு இருக்கறப்போ இன்னாத்துக்கு?"ன்னு கேட்ட. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரனுக்குப் புரியணும்னு வண்டி பாஷையிலயே சொல்லிக்குடுத்த. பிராசஸர்தான் இன்ஜின், நமக்கு பந்தய வண்டி வேணாம், மொபெட்டு போதும், நாள் பூரா நிக்காம ஓடணும், கரண்ட்டு கம்மியாக் குடிக்கணும். நான் மைலேஜ் எவ்ளோன்னு கேட்டேன். நீ சிரிக்காம வாட் கணக்கு போட்டுக் காமிச்ச.

புதுசு வேணாம், ஆபீஸ்ல கழிச்ச கம்ப்யூட்டர் ஒண்ணு நல்லதாப் பாத்து எடுத்தா போதும்ன. ராம் பதினாறு. சிஸ்டத்துக்கு சின்ன எஸ்எஸ்டி ஒண்ணு. நம்மூரு கரண்டுக்கு யூபிஎஸ் கட்டாயம். படமெல்லாம் வெக்க பெரிய டிஸ்க் ரெண்டு, ஒண்ணுல எழுதறது அப்படியே இன்னொண்ணுலயும் ஏறிக்கும், ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு இருக்கும்ன. "ஓஹோ, ஸ்டெப்னி மாதிரியா?"ன்னேன். "ஸ்டெப்னி சும்மா தொங்கிக்கினு வரும் அத்தா. இது கூடவே ஓடும்"ன்ன. எல்லாத்தையும் ஒரு கோடு போட்ட தாள்ல எழுதி என் கல்லாப்பொட்டியில வெச்ச. நான் தண்டச் செலவுன்னு சொல்லித் தள்ளிப்போட்டேன்.

அப்புறம் அந்தக் காய்ச்சல். அஞ்சு நாள். அதப் பத்தி எழுத மாட்டேன், எழுதினா கை நின்னுடும்.

நீ போய் ரெண்டு மாசம் கழிச்சு, படமெல்லாம் வெச்சிருந்த அந்த இன்டர்நெட் எடத்துக்கு வாடகை பாக்கின்னு உன் மெயிலுக்கு கடுதாசி வந்துச்சு. கட்டலன்னா எல்லாத்தையும் அழிச்சிடுவோம்னு போட்டிருந்தான். உன் ஆபீஸ் லேப்டாப்ப அவங்களுக்குத் திருப்பிக் குடுக்கறதுக்கும் அதே வாரம்தான் கெடு. உன் கணக்கு அதுல மட்டும்தான் தொறந்திருந்துச்சு. போன் லாக்கு எங்களுக்குத் தெரியல, ஆளாளுக்கு ஒரு நம்பர் போட்டுப் பாத்ததுல அது மொத்தமா மூடிக்கிச்சு. உங்கம்மா என் சட்டையப் புடிச்சிக்கினு, "ஏங்க, அவ கேட்ட அந்தப் பொட்டிய இப்பவாச்சும் செய்யுங்களேன்"னு அழுதா. நீ கேட்டப்போ செய்யலியே.

தாள எடுத்துக்கினு நேரா சேகர் கடைக்குப் போனேன். சேகர உனக்குத் தெரியும், துருகம் ரோட்ல கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கானே என் கூட்டாளி. ஒவ்வொண்ணா வாங்கினோம். ஆபீஸ் கம்ப்யூட்டர் நாலு காமிச்சான், மூணு ஃபேன் சத்தம் போட்டுச்சு, நாலாவத எடுத்தேன். நீ எழுதின ராம் கெடைக்கல. ஒரிஜினல் இல்லன்னா அதே அளவுல வேற கம்பெனி போடறது எனக்குப் பழக்கம்தானே, அதுவும் நல்லாத்தான் ஓடுச்சு. யூபிஎஸ் மட்டும் நீ சொன்னதுக்கு மேலயே ஒரு சைஸ் ஜாஸ்தி. இவ்ளோ வரைக்கும் உன் அத்தா ஒழுங்கு.

அடுத்தது டிஸ்க். உன் தாள்ல அந்த வரிக்குக் கீழ ரெண்டு கோடு இழுத்திருந்த. "ரெண்டையும் ஒரே கடையில வாங்காதீங்க. ஒரே லாட்டுல செஞ்சது கிட்டத்தட்ட ஒரே நேரத்துல போகும்."

படிச்சேன். நல்லாவே படிச்சேன். ஆனா நான் கடை தொறந்த அன்னிக்கு மொத போணி பண்ணவன் சேகர். அவன் கடை தொறந்தப்போ மொத போணி நான். இருவது வருஷமா எனக்கு வேணுங்கறத அவன்கிட்டதான் எடுப்பேன், அவன் வண்டிக்கு ஒரு பல்பு போனாக்கூட என்கிட்டதான் வருவான். அவன் கடையில நின்னுக்கினு, ஒரு டிஸ்க் நீ குடு, இன்னொண்ண எதிர்க்கடையில வாங்கிக்கிறேன்னு எந்த மூஞ்சியோட சொல்றது? அவன் இன்னா நெனைப்பான்? உனக்கு கம்ப்யூட்டர் தெரியும், கடைத்தெரு தெரியாதுன்னு அந்தத் தாளப் பாத்து மனசுக்குள்ள சொல்லிக்கினேன். ஒரே அட்டைப்பொட்டியிலேருந்து ரெண்டையும் எடுத்துக் குடுத்தான், வாங்கிக்கினு வந்துட்டேன்.

இதுல வெக்கக்கேடு இன்னான்னு கேளு. என் கடையில கஸ்டமருக்கு நானே இதத்தான் சொல்லுவேன். வெள்ளிமலையிலேருந்து எறங்கி வர வண்டிங்களுக்கு கிளட்ச் பிளேட் நிக்காதே, ஒரு தடவ ஒரே லாட்டுல வந்தது வரிசையா கருகிப்போய், மிச்சத்தப் பூரா கம்பெனிக்குத் திருப்பி அனுப்புனேன். கிளட்ச் பிளேட்டுக்கு இருந்த புத்தி என் புள்ள விஷயத்துல எங்க போச்சு?

தாளோட கடைசி வரி, "மூணாவது காப்பி: வேற எடத்துல", அதுக்குப் பக்கத்துல ஒரு கேள்விக்குறி. எங்க வெக்கணும்னு யோசிச்சிக்கினு இருந்தியா? யாரக் கேக்கறது நான்? அத அப்படியே வுட்டுட்டேன்.

பொட்டிய நானே முடுக்கினேன். கார்புரேட்டர் பிரிக்கிற கை, ஸ்க்ரூவுக்கா பயப்படும்? சேகர் வந்து சாஃப்ட்வேர் ஏத்தி, உன் கணக்குலேருந்து எல்லாத்தையும் எறக்கிக் குடுத்தான். மூணு நாள் ஆச்சு. கடைசி ஃபைலும் எறங்கினப்போ, "இனிமே எவன் வாடகையும் நமக்கு வேணாம், அங்க இருக்கறத அழிச்சு காலி பண்ணு"ன்னு நான்தான் சொன்னேன். மீசைய முறுக்கிக்கினு சொன்னேன்டி. நீ பாத்தா சந்தோஷப்படுவன்னு நெனச்சேன்.

அதுக்கப்புறம் எட்டு மாசம் உங்கம்மா எப்படியோ பொழைச்சா. தெனம் அஸர் தொழுதுட்டு டிவி முன்னாடி உக்காருவா. நான் ஒயர் இழுத்து டிவியில வர மாதிரி பண்ணிக் குடுத்திருந்தேன். பத்து நிமிஷம், கால் மணி நேரம். உன் படம் வந்தா உத்துப் பாப்பா. நீ பேசற வீடியோ வந்தா கண்ண மூடிக்குவா. "இன்னா, தூங்கிட்டியா?"ன்னேன் ஒரு நாள். "பாத்தா படம்தான் தெரியுது. கண்ண மூடினா பக்கத்துல நிக்கறா"ன்னா. போட்டோ நாலஞ்சு பேரு போன்ல இன்னமும் இருக்கும். உன் குரல்தான் எங்கயும் இல்ல. வூட்ல உக்காந்தே வேலை பாத்த பொண்ணு, வூட்ல இருக்கறவங்களுக்கு எதுக்கு குரல் பதிவு அனுப்பப்போவுது?

போன மாசம் ஒரு டிஸ்க் டக்கு டக்குன்னு சத்தம் போட்டுச்சு. வால்வு சத்தம் மாதிரி. சேகர் வந்தான், "பயப்படாதீங்க பாய், ஒண்ணு போச்சு, இன்னொண்ணு முழுசா இருக்குது. புதுசு ஒண்ணு போட்டா அதுலேருந்து காப்பி ஆயிடும்"னான். போட்டோம். காப்பி பாதி கூட ஆகல, நல்லா இருந்ததும் அதே மாதிரி டக்கு டக்குன்னுச்சு. ரெண்டையும் மடியில வெச்சிக்கினு பஸ்ஸுல சென்னைக்குப் போனேன். தொறந்து பாத்துட்டு, உள்ள தட்டே கீறிக்கிச்சு, ஒண்ணும் எடுக்க முடியாதுன்னு கையில திருப்பிக் குடுத்துட்டாங்க. சேகர் என் கடைக்கு வந்து அழுதான். அவன் மேல தப்பு இல்லம்மா. தெரிஞ்சு குடுக்கல. அவனுக்கு யாரும் கோடு போட்டு எழுதி வெக்கல.

உங்கம்மாகிட்ட, டிவி ஒயர் போயிடுச்சு, ஆர்டர் போட்டிருக்கேன்னு சொல்லி வெச்சிருக்கேன். தெனம் கேக்கறா, "ஒயர் வந்துச்சாங்க?"

வர வெள்ளிக்கிழமை உன் வருஷ ஃபாத்திஹா. மணலூர்பேட்டை மாமி, சொந்தக்காரங்க எல்லாரும் வராங்க. எல்லாரும் உன் குரலக் கேக்கணும்னு உங்கம்மா சொல்லிக்கினு இருக்கா. நான் இன்னா பண்ணட்டும் நஸ்ரின்? எப்படிச் சொல்றது இத?

மேல இருக்கறது புதன்கிழமை எழுதினது. இன்னிக்கு சனிக்கிழமை. மிச்சத்தையும் கேளு.

வியாழக்கிழமை மதியானம் சொல்லிட்டேன். உங்கம்மா ஃபாத்திஹாவுக்கு அரிசி பொறுக்கிக்கினு இருந்தா. "மும்தாஜ், ஒயர் இல்ல. டிஸ்க்கே போச்சு. ரெண்டும்"னேன். அவ கை நிக்கல. ஒவ்வொண்ணா கேட்டா.

"அவ பரோட்டா சுட்டு தீச்சது?"

"போச்சு."

"என் பொறந்த நாளைக்குப் பாடினது?"

"போச்சு."

"மேகம் அருவி?"

"போச்சு மும்தாஜ். எல்லாமே."

அப்புறம் அந்தத் தாள எடுத்து, நீ கோடு போட்ட வரியக் காமிச்சேன். படிச்சா. திட்டுவான்னு நின்னேன். "எத்தினி நாளாச்சு?"ன்னா. இருபது நாள்னேன். "இருபது நாளா வராத ஒயருக்கு என்ன காக்க வெச்சிருக்கீங்களே. நான் இன்னா கொழந்தயா?"ன்னா. அவ்ளோதான். அரிசிய எடுத்துக்கினு உள்ள போயிட்டா. அடிச்சிருந்தாக்கூட தேவலாம்.

நேத்து வூடு நெறைய ஜனம். ஓதி முடிச்சு, சாப்பாடு வெச்சோம். நான் தண்ணி ஜக்க கையில வெச்சிக்கினு வாசப்படிகிட்ட நின்னுக்கினு இருக்கறேன், மாமி ஆரம்பிச்சா: "எங்க, அந்த அருவி வீடியோவப் போடுங்களேன். புள்ள குரலக் கேட்டு வருஷமாச்சு." எல்லாரும் என்னையே பாத்தாங்க. இத்தினி பேரு முன்னாடி எப்படிச் சொல்றதுன்னு நிக்கறேன், உங்கம்மா முந்தானையில கைய தொடச்சிக்கினு எழுந்தா. "டிவி எதுக்குக்கா? நான் சொல்றேன் கேளுங்க"ன்னா.

கல்வராயன் மலையில, மேகம் அருவியில, நான் பேண்ட்ட மடிச்சிக்கினு பாறை மேல ஏறினதும் நீ கீழ நின்னு போன்ல புடிச்சதும் ஞாபகம் இருக்கா? உங்கம்மா இடுப்புல கைய வெச்சிக்கினு தலைய ஒரு பக்கமா சாச்சா. அப்புறம் அவ வாயிலேருந்து வந்துச்சு:

"அத்தோவ்! அந்தக் கல்லு வழுக்கும்னு சொன்னேன்ல? சொன்னா கேக்கவே மாட்டீங்களா? வுழுந்தா நான் தூக்க மாட்டேன், சொல்லிட்டேன்!"

உன் இழுப்பு, நீ மூக்கால பேசறது, 'சொல்லிட்டேன்'ல நீ எறக்கற அந்த எறக்கம், ஒண்ணும் கொறையல. கண்ண மூடி கண்ண மூடி எட்டு மாசமா கேட்டதெல்லாம் அவளுக்குள்ள ஏறிக் கெடக்குது. ஜனமெல்லாம் சிரிச்சாங்க. மாமி சிரிச்சிக்கினே அழுதா. நான் பின்னாடி திரும்பிப் பாத்தேன்டி. சத்தியமா, நீ வந்துட்டியோன்னு வாசலத் திரும்பிப் பாத்தேன்.

எல்லாரும் கெளம்பினப்புறம், போன எடுத்துக்கினு அவகிட்ட போய், "இன்னொரு தடவ சொல்லு மும்தாஜ், பதிவு பண்ணிக்கிறேன்"னேன். வாயத் தொறந்தா. அவ குரல்தான் வந்துச்சு. மறுபடி முயற்சி பண்ணா, வரல. "கேட்டா வராதுங்க"ன்னு சொல்லிட்டு, அப்பத்தான் அழுதா. நானும் அவ பக்கத்துல உக்காந்து அழுதேன். நீ போனதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணா அழுதது அதான் மொத தடவ.

சேகர் புது டிஸ்க் தரேங்கறான். வேணாம்னுட்டேன். வெக்க இன்னா இருக்குது?

இன்னிக்குக் காலையில கடைக்குக் கெளம்பறப்போதான் பாத்தேன், உங்கம்மா பிரஷர் மாத்திரை அட்டை அப்படியே இருக்குது, பாதி கூட கொறையல. ஒரு வருஷமா அவ மாத்திரை சாப்புட்டாளா இல்லையான்னு நான் கேக்கவே இல்ல. இன்னிக்கு என் கையாலயே குடுத்து, முழுங்கற வரைக்கும் நின்னேன். தெனம் நிப்பேன். மாசத்துக்கு ஒரு தடவ டாக்டருகிட்ட நானே கூட்டிக்கினு போவேன், கடைய மூடிட்டுப் போவேன். எது கெட்டாலும் அன்னிக்கே அவகிட்ட சொல்லிடுவேன். உன் குரல் இப்போ இந்த உலகத்துல அவ ஒருத்திகிட்ட மட்டும்தான் இருக்குது கண்ணு. அவள பத்திரமாப் பாத்துக்கறேன்.

இப்படிக்கு,
சொல்லியும் கேக்காத உன் அத்தா